சித்திரக் கதைப் பாவைகள் சென்ற வழி

மக்கள் தம் இளமையிற் கையாண்ட விளையாட்டுப் பொருள்கள் எவ்வாறு மறைந்தன என்பதை அவர்களே அறியார். நேற்றுவரை தலையணையின் பக்கத்திற் கிடந்த பாவை ஒருநாள் காணப்படுவதில்லை. குழந்தை அதனைத் தேடிச் சில நாள் அழும், பின்னர் மறந்துவிடும். வீட்டிலுள்ள பெரியோரோ தேடுவதுமில்லர், அழுவதுமில்லர். ஆதலின் அரசர்க்கும் போர்களுக்கும் சரித்திரம் உண்டாயிற்று. பாவைகளுக்கு மட்டும் அஃது இல்லாது போயிற்று.

எம்முள் சிலர் மேல்நாட்டுப் பழைய சிறுவர் சித்திர நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த பொழுது, "இப்படங்களிலுள்ள பாவைகள் மெய்யாகவே இருந்தனவா? இருந்தனவாயின் இப்பொழுது எங்கே உள?" என்று ஒருவர் வினவினார். விளையாட்டாக எழுந்த அவ்வினா எளிதில் விடுவதாயில்லை. விடை தேடப் புகுந்த யாம், பாவைகளின் வரலாற்றோடு அவற்றைச் செய்தோர், விற்றோர், வைத்துப் போற்றியோர், வெறுத்தோர் ஆகிய பலர் வரலாற்றையும் ஒருங்கே அறியலாயினோம். அறிந்தவற்றுள் ஐயமின்றித் தெளிந்தனவற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

முதற்கண் ஒன்று சொல்லவேண்டும். சித்திரக் கதைக்கும் பாவைக்கும் உள்ள உறவு ஒரு திறத்ததன்று. சில பாவைகள் முன்னரே உலகில் இருந்து, பின்னர் ஓவியத்துட் புகுந்தன. சில, ஓவியத்திற் பிறந்து பின்னர் உருப்பெற்றன. சில, கதையும் உருவுமாக ஏறக்குறைய ஒரே காலத்திற் கடைக்கு வந்தன. வேறு சில, ஒரு நாட்டில் ஓவியமாகித் தோன்றிப் பாவையாய் வடிவெடுத்து, பிறிதொரு நாட்டில் பிறிதொரு பெயரால் மறுபிறப்பும் எய்தின. இந்நான்கு வகைக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வாம்.

மரப்பாவைகளும் கோலிவாகும்

முதல் வகைக்குரியவை பிளாரன்ஸ் கேட் அப்டன் என்னும் பெண்மணியின் பாவைகள். இவ்வம்மையார் 1873-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க்கில், இங்கிலாந்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். பின்னர் இலண்டனுக்கு வந்து, ஓவியக் கலையை முறையாகக் கற்பதற்கு வேண்டும் பொருளை ஈட்டும்பொருட்டுச் சிறுவர்க்குரிய சித்திர நூலொன்று எழுதத் துணிந்தார். படங்களை மகள் வரைய, பாட்டுக்களைத் தாயார் பெர்த்தா அப்டன் இயற்றினார். அந்நூல் 1895-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1909-ஆம் ஆண்டுவரை மொத்தம் பதின்மூன்று நூல்கள் வெளிவந்தன. மிதிவண்டிச் சங்கம், கடற்கரை, வடதுருவம், ஆகாயக் கப்பல் என அக்காலத்துப் புதுமைகள் பலவும் அவற்றின் பொருள்களாயின.

அம்மையார் மனத்தினின்றே உருவங்களைப் படைத்தாரல்லர். கண்முன் பாவைகளை நிறுத்திவைத்தே வரைந்தார். அப்பாவைகளுட் பெரும்பாலன மரத்தாலானவை. ஆங்கிலேயர் இவற்றை 'டச்சுப் பாவை' என்பர். டச்சு என்றது ஈண்டு ஒல்லாந்து நாட்டைக் குறித்ததன்று. 'டாய்ச்' என்னும் ஜெர்மானியச் சொல்லின் திரிபே அது. இப்பாவைகள் ஆல்ப்ஸ் மலையில் திரோல் நாட்டைச் சார்ந்த கிரோட்னர் பள்ளத்தாக்கில், மலைவாழ் குடியானவர்களால் மரத்திற் கடைந்து செய்யப்பட்டவை. கைகால்கள் சிறு மரமுளைகளாற் பொருத்தப்பட்டிருத்தலின் மடக்கவும் நீட்டவும் கூடும். நம் மரப்பாச்சியைக் கண்டவர்க்கு இதன் தோற்றம் முற்றிலும் புதியதாகத் தோன்றாது. ஆனால் மரப்பாச்சி அசையாது நிற்கும், இஃது உட்காரவும் செய்யும். விக்டோரியா மகாராணியார் சிறுமியாயிருந்த காலத்து வைத்திருந்த 132 பாவைகளும் இத்தகைய மரப்பாவைகளே.

அப்டன் அம்மையார் வரைந்த மற்றொரு பாவை, கறுத்த முகமும் சிலிர்த்த மயிரும் உடைய துணிப்பாவை. அவர்தம் அமெரிக்க இளமைப் பருவத்ததாகிய அப்பாவை உறவினர் வீட்டிற் கிடந்தது. அதற்குக் 'கோலிவாக்' என்று அவரே பெயரிட்டார். கதையில், கிறிஸ்துமஸ் இரவில் உயிர்பெற்றெழுந்த மரப்பாவைகள் அவ்வுருவைக் கண்டு முதலில் அஞ்சுகின்றன. பின்னர் அதன் நல்லியல்பை அறிந்து நட்புக்கொள்கின்றன. பிந்திய நூல்களில் அவனே தலைவன். துணிவும் இரக்கமும் உடையவன்.

இக்கதை பெற்ற வரவேற்புப் பெரிது. ஆயின் ஆசிரியை, பெயரையோ உருவையோ தம் உரிமையாகப் பதிவுசெய்திலர். எனவே, யார் வேண்டினும் அப்பாவையைச் செய்து விற்கலாயினர். ஜெர்மனியின் ஸ்டைப் கம்பெனியார் 1908-ஆம் ஆண்டில் அதனைச் செய்தனர். அதே ஆண்டில் பிரெஞ்சு இசைவாணர் டெபுஸ்ஸி, தம் மகளுக்கு உரிமையாக்கிய பியானோ இசைத்தொகுதியில் ஒரு பகுதிக்கு இப்பாவையின் பெயரை இட்டார். பிரிட்டனில் ராபர்ட்ஸன் என்னும் பழப்பாகுக் கம்பெனியார் அவ்வுருவைத் தம் விற்பனைச் சின்னமாகக் கொண்டனர். இவற்றால் விளைந்த ஊதியத்துள் ஆசிரியைக்குரிய பங்கு ஒன்றுமில்லை.

இனி, எம் வினாவிற்கு வருவாம். படத்திற்கு மாதிரியாய் நின்ற அம்மூலப் பாவைகள் யாண்டுச் சென்றன? முதல் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டில், அப்டன் அம்மையார் தம் பாவைகளையும் மூலச் சித்திரங்களையும் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு அளித்துவிட்டார். இலண்டனில் கிறிஸ்டி ஏலசாலையில் அவை 450 கினிக்கு ஏலம் போயின. அஃதாவது 472 பவுன் 10 ஷில்லிங். அத்தொகையைக் கொண்டு காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியொன்று வாங்கப்பெற்றது. குழந்தைகளை மகிழ்வித்த மரத்துண்டுகள் போர்க்களத்திற் குருதி சிந்தியோர்க்கு ஊர்தியாய் மாறின. பாவையின் வாழ்வில் இதனினும் உயர்ந்த பேறு யாது?

ஏலம்போன பாவைகள் பின்னர், பிரிட்டனின் பிரதம மந்திரியார் ஊர்ப்புற மாளிகையாகிய செக்கர்ஸில் பல்லாண்டுக் காலம் தங்கின. அதன்பின் இலண்டனின் கீழ்ப்பகுதியிலுள்ள பெத்னல் கிரீன் குழந்தைமைக் காட்சிச்சாலைக்கு வந்து சேர்ந்தன. அப்டன் அம்மையார் 1922-ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். அவர் பெயரைப் பெரும்பாலார் மறந்தனர். அவர் இட்ட பெயரையோ உலகம் மறக்கவில்லை. அது நன்மைக்கு அன்று என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

கியூப்பி

இரண்டாம் வகைக்குரியது கியூப்பி. இதனைப் படைத்தவர் ரோஸ் ஓநீல் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பிறந்த ஆண்டு 1874. அச்சான சித்திரக் கதைத்தொடரை வரைந்த அமெரிக்கப் பெண்களுள் முதல்வராக இவர் எண்ணப்படுகின்றார். அத்தொடர் 1896-ஆம் ஆண்டில் ஒரு வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. 1909-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மகளிர்க்குரிய மாசிகையொன்றில் கியூப்பிகள் முதன்முதல் தோன்றின. உரோமர்தம் காதற் கடவுளாகிய குபிட் என்னும் பெயரின் சிதைவே கியூப்பி. உச்சியில் ஒரு கொத்து மயிர், உருண்டை வயிறு, ஓரமாய் நோக்கும் கண், தோளில் மிகச் சிறிய இறகு ஆகிய இவை அதன் அடையாளம். குறும்பு செய்வதுபோல் வந்து நன்மை செய்துவிட்டுப் போவது அதன் இயல்பு.

படத்தைக் கண்ட குழந்தைகள் அதனைக் கையிற் பற்ற விரும்பினர். ஆகவே 1912, 1913-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில், சுட்ட பீங்கானால் கியூப்பிப் பாவைகள் செய்யப்படலாயின. ஓநீல் அம்மையார் அப்டன் அம்மையாரைப் போலன்றி, வடிவத்தைத் தம் பெயரில் பதிவுசெய்து கொண்டார், பெருஞ்செல்வமும் அடைந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அந்நாளில் எழுந்த கிளர்ச்சிக்கும் தம் கியூப்பிகளையே தூது விடுத்தார். 1914-ஆம் ஆண்டில் போர் மூளவே ஜெர்மானியச் சரக்கு அமெரிக்காவிற்கு வருவது அருகிற்று. ஜப்பானியப் போலிகள் மிகுந்தன.

செல்வம் நிலைத்திலது. பிறர்க்கு வாரி வழங்கிய கையும், மாறிய காலமும் அம்மையாரை வறுமைக்கண் உய்த்தன. மிஸௌரி மாகாணத்தின் மலைக்காட்டிடையே அமைந்த தம் பானிபுரூக் இல்லத்திற்குத் திரும்பிய அவர் 1944-ஆம் ஆண்டில் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1947-இல் அவ்வில்லம் தீக்கு இரையாயிற்று. பின்னாளில் அன்பர்கள் அதே இடத்தில் அவ்வில்லத்தை மீண்டும் எழுப்பிக் காட்சிச்சாலையும் அமைத்தனர்.

படைத்தவர் மறைந்தும் கியூப்பி மறைந்திலது. ஜப்பான் நாட்டில் 1925-ஆம் ஆண்டு முதல் முட்டைக் குழம்பாகிய மேயனேஸ் ஒன்று கியூப்பியின் பெயராலும் படத்தாலும் விற்கப்பட்டு வருகின்றது. மிஸௌரியில் தன் பிறப்பை மறந்த குழந்தை, ஜப்பானியர் அடுக்களையில் தன் வாழ்வைக் கண்டது.

கந்தல் ஆன்

மூன்றாம் வகைக்கு உரியது 'ராகடி ஆன்' என்னும் துணிப்பாவை. இதன் ஆசிரியர் ஜானி குரூவல், அமெரிக்கச் செய்தித்தாள்களில் சித்திரக் கதை வரைந்து வாழ்ந்தவர். 1915-ஆம் ஆண்டு செப்டம்பரில் இப்பாவையின் வடிவத்திற்கு அரசாங்கத்தாரிடம் பதிவுரிமை பெற்றார். 1918-ஆம் ஆண்டில் கதைநூல் வெளியாயிற்று. நூலும் பாவையும் ஒன்றையொன்று விற்றுக் கொடுத்தன. சிவந்த நூலால் ஆகிய கூந்தல், பித்தான் கண், முக்கோண மூக்கு ஆகிய இத்துணையே அதன் அழகு. எளிய பொருளாதலின் பார்த்துச் செய்வதும் எளிதாயிற்று. உரிமையின்றிச் செய்து விற்ற கம்பெனியொன்றோடு குரூவல் நீதிமன்றத்தில் வழக்காடி 1937-ஆம் ஆண்டில் வென்றார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே உயிர்துறந்தார். அப்டன் அம்மையார் கேளாது விட்ட உரிமையையும், குரூவல் இறுதிமூச்சுவரை போராடிப் பெற்ற உரிமையையும் ஒப்புநோக்கினால், பாவையின் விதியில் சட்டத்திற்கும் ஒரு கை உண்டு என்பது தெளிவாகும்.

லில்லி

நான்காம் வகையினது லில்லி. இது சிறுவர்க்கென்று எழுந்ததன்று. ஆயினும் சிறுவர் உலகை மாற்றியது இதுவே. 1952-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் ஜெர்மனியில் 'பில்ட்' என்னும் செய்தித்தாளின் முதல் இதழ் அச்சாகுங்கால், பக்கத்தில் ஓரிடம் வெறுமையாய் நின்றது. அதனை நிரப்புமாறு ராய்ன்ஹார்ட் பாய்த்தியன் என்னும் ஓவியர் பணிக்கப்பட்டார். அவர் முதலில் ஒரு குழந்தை முகம் வரைந்தார். ஆசிரியர்க்கு அது பிடித்திலது. அம்முகத்தையே வைத்துக்கொண்டு, குதிரைவால்போற் கட்டிய கூந்தலும் குமரிப் பருவத்து உடலும் சேர்த்தார். லில்லி பிறந்தாள்.

1955-ஆம் ஆண்டு ஆகஸ்டில் லில்லிப் பாவை விற்பனைக்கு வந்தது. 30 சென்டிமீட்டர், 19 சென்டிமீட்டர் என அதற்கு இரண்டு அளவுகள் இருந்தன. முதலில் அது வளர்ந்தோர்க்குரிய வேடிக்கைப் பொருளாகவே கருதப்பட்டது. மறு ஆண்டு ஐரோப்பாவிற் சுற்றுலாச் செய்த ரூத் ஹாண்ட்லர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கடையிற் கண்ட லில்லிகளை வாங்கிக்கொண்டு தம் நாடு சென்றார். 1959-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள், நியூயார்க் விளையாட்டுப் பொருட் சந்தையில் அவர்தம் கம்பெனி ஒரு புதிய பாவையைக் காட்டியது. அதுவே பார்பி. இரண்டிற்கும் உள்ள ஒற்றுமை வழக்கிற்கு இடமாயிற்று. வழக்கு இணக்கத்தில் முடிந்து, 1964-ஆம் ஆண்டில் லில்லியின் உரிமைகளை அமெரிக்கக் கம்பெனியே விலைக்கு வாங்கியது. அவ்வாண்டோடு லில்லி செய்வது நின்றது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டில் 1,30,000 லில்லிகள் செய்யப்பட்டன என்பர். மகளைப் போன்றவள் உலகெலாம் உலாவ, தாயைப் போன்றவள் பழம்பொருள் திரட்டுவோர் பேழையுள் ஒடுங்கினாள்.

பொருளே விதி

புகழ்பெற்ற சில பாவைகளின் கதை இது. பெயரற்ற ஆயிரமாயிரம் பாவைகள் என்னவாயின? அவற்றின் விதியைப் பெரும்பாலும் முடிவு செய்தது அவை ஆக்கப்பட்ட பொருளே.

மரப்பாவை நெடுநாள் நிற்கும். ஆனால் மரத்தைப் புழு அரிக்கும், முளைகள் கழலும், ஈரமும் வறட்சியும் மாறிவரின் வண்ணம் உரியும். துணிப்பாவையின் பகை பூச்சியும் வெயிலும். இரட்டைச் சூளையிற் சுட்ட மெருகில்லாப் பீங்கானோ நூறாண்டு கடந்தும் நிறம் மாறாது. கைதவறி விழுந்தாலோ அந்நொடியே சிதறும். மரத்தூளும் பசையும் கலந்து அச்சிற் பிடித்துச் செய்யப்பட்டவை மலிவானவை. ஈரக்காற்றிலும் வெப்பத்திலும் அவற்றின் மேற்பூச்சு வறண்ட வயல்போல் வெடிக்கும்.

இவற்றுள் மிகவும் இரங்கத்தக்கது செல்லுலாயிடு என்னும் பொருளால் ஆனது. பஞ்சுப் பொருளை நைட்ரிக் அமிலத்தாற் பக்குவஞ்செய்து, அதனுடன் கர்ப்பூரம் கூட்டினால் அது கிடைக்கும். அக்காலத்து உலகிற்கு வேண்டிய கர்ப்பூரத்திற் பெரும்பகுதி விளைந்த தைவான் தீவு, 1895 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இருந்தமையால், செல்லுலாயிடுப் பாவைத் தொழில் ஜப்பானிற் செழித்தது. கியூப்பியும் அதனால் ஏராளமாகச் செய்யப்பட்டது. இலேசானது, நீரில் மிதப்பது, விலை மலிந்தது. ஆயின் ஒரு பொறி பட்டால் நொடியிற் பற்றியெரியும். இதுகாரணமாக, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குழந்தைகட்குரிய பாவைகளில் அதன் வழக்கு ஒழிந்தது. எஞ்சியவையும் தாமே அழிகின்றன. நாட்பட அப்பொருள் அமில ஆவியை வெளிவிட்டு, மஞ்சளாகி, வெடித்துத் தூளாகும். அன்றியும் பக்கத்திலுள்ள உலோகத்தையும் துணியையும் கெடுக்கும். ஆதலின் காட்சிச்சாலையார் இவற்றை ஏனையவற்றோடு சேர்த்துப் பெட்டியில் அடையாமல், குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைப்பர்.

பிற்காலத்து மென் பிளாஸ்டிக்கும் குற்றமற்றதன்று. அதனை நெகிழ்விக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் ஆண்டுகள் செல்லச்செல்ல வெளியே கசிந்து, மேனியில் பிசுபிசுப்பு உண்டாக்கும். பழைய பார்பிகளின் காதில் இட்ட உலோகத் தோட்டிலிருந்து களிம்பு ஊறிக் காதும் கன்னமும் பச்சை நிறமாவது திரட்டுவோர் நன்கறிந்த நோய்.

அடையாளம் காணுமாறு

பழைய பாவையொன்று கைக்கு வந்தால் அதன் குலத்தையும் வயதையும் அறிவதெப்படி? இதற்கு இருவழி உள. ஒன்று ஏட்டின் வழி. மற்றொன்று உடலின் வழி.

ஏட்டின் வழியாவது, பதிவுரிமை ஆவணங்கள், கடைக்காரர் விலைப்பட்டியல்கள், ஏல அட்டவணைகள் ஆகியவற்றை ஆராய்தல். பதிவுரிமை ஆவணத்தில் வடிவத்தின் படமும் நாளும் இருத்தலின், எதற்குப் பின் எது என்று அறுதியிடக் கூடும்.

உடலின் வழியாவது, பாவையின் மேனியிலுள்ள குறிகளைப் படித்தல். மெய்யான பீங்கான் கியூப்பியின் பாதத்தடியில் ஓநீல் என்னும் பெயர் செதுக்கப்பட்டிருக்கும். மார்பில் இருதய வடிவச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். கைவிரல்கள் நட்சத்திர மீன்போல் விரிந்திருக்கும். நாட்டின் பெயரும் நல்ல சான்று. அமெரிக்காவுள் இறக்குமதியாகும் சரக்கின்மேல் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் விதித்தது. அது மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியர் முதலில் 'நிப்பான்' என்று பொறித்தனர். 1921-ஆம் ஆண்டு முதல் 'ஜப்பான்' என்றே பொறிக்க வேண்டுமாயிற்று. ஆகவே நிப்பான் எனப் பொறித்த பாவை பெரும்பாலும் 1921-க்கு முற்பட்டது எனத் துணியலாம். ஒரு சொல்லால் ஒரு பாவையின் வயது வெளிப்படுதல் வியப்பன்றோ?

ஓர் அரிய வினா

இனி, மேலே நிறுத்திவைத்ததைக் கூறுவாம். கோலிவாக் என்னும் பாவைக்கு மாதிரி யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாடக மேடையில் வெள்ளையர் தம் முகத்திற் கரி பூசி, தடித்த உதடு தீட்டி, அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களைப் போல் நடித்து நகைவிளைத்தனர். அவ்வேடத்தின் சாயலே அப்பாவையின் முகம். அப்டன் அம்மையார் தம் கதைத்தலைவனை நல்லவனாகவே படைத்தார். ஆனால் உருவைக் கடன்கொண்ட இடம் அது. பின்வந்தோர் அவனது நற்குணத்தையும் விட்டுவிட்டனர். எனிட் பிளைட்டன் அம்மையார் 1951-ஆம் ஆண்டில் எழுதிய சிறுவர் கதையொன்றில், இருண்ட காட்டிடை வழிமறித்து நாடி என்னும் பாவையின் காரையும் உடைகளையும் பறிக்கும் திருடர் கோலிவாகுகளே. பிற்காலப் பதிப்புக்களில் அவர்கட்குப் பதிலாக வேறு பூதங்கள் புகுந்தன.

பாவையின் பெயர் இங்கிலாந்தின் தெருக்களில் வசைச்சொல்லாயிற்று. ஆப்பிரிக்கரையும், நம்மவர் உள்ளிட்ட ஆசியரையும் இழிக்க, அதனோடு ஒலியொத்த குறுஞ்சொல்லொன்றும் வழங்கிற்று. பள்ளிக்கூடத்திற் கறுத்த நிறத்துப் பிள்ளையை நோக்கி அப்பெயரைக் கூவுவோர்க்கு அது விளையாட்டு. கேட்போர்க்கு அது தழும்பு. பழப்பாகுக் கம்பெனியார் 2001-ஆம் ஆண்டில் அச்சின்னத்தைக் கைவிட்டனர்.

ஆயின் வீடுகளிலும் கடைகளிலும் எஞ்சிய அப்பாவைகளை என்செய்வது? இவை தீயவை, எரித்துவிடுக என்பர் சிலர். எம் இளமையின் அன்புப் பொருள், இதிற் குற்றம் என்னை என்பர் வேறு சிலர். எம்முள்ளும் இதுபற்றி நெடும்பேச்சு நிகழ்ந்தது. கறுத்த நிறத்தினராகிய எமக்கு இவ்வினா வெறும் ஏட்டுவினா அன்று. அப்பாவையின் படத்தை முதலிற் கண்டு நகைத்தோரும், அதன் வரலாற்றை அறிந்தபின் நகைத்திலர்.

எம் கருத்து இது: அன்புடன் அணைத்த குழந்தையின்மேற் குற்றமில்லை, குழந்தை வேடத்தின் வரலாற்றை அறியாது. வரலாற்றை அறிந்த பெரியோர் அறியாதார்போல் நடிப்பதே குற்றம். ஆகவே அப்பாவையைப் புதிதாய்ச் செய்து குழந்தைகள் கையிற் கொடுத்தல் தகாது. எரித்தலும் தகாது, என்னெனின், எரித்தால் இழிவு செய்தமைக்குரிய சான்றும் உடன் எரிந்துபோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலுள்ள பெர்ரிஸ் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மக்களை இழிவுசெய்த பாவைகளும் படங்களும் விளம்பரங்களும் ஒரு காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளன. வெறுப்பை வளர்த்தற்கன்று, வெறுப்பு எவ்வளவு எளிதாக வீட்டிற்குள் விளையாட்டுப் பொருளாய் நுழையும் என்பதை மாணவர்க்குக் காட்டுதற்கே அவை ஆங்கு உள. அவ்வழியே நல்வழி என யாம் கொண்டோம். 1917-இல் ஆம்புலன்ஸ் வண்டியாய் மாறிய அதே பாவை, பின்னர் ஒருவரை இகழும் சொல்லாயும் மாறியது. இவ்விரண்டு செய்தியும் ஒரே சீட்டில் எழுதி அதன் கழுத்திற் கட்டப்படவேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கூறுவது வரலாறு ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பாவை தானே வாழ்வதுமில்லை, தானே கெடுவதுமில்லை என்பது போதரும். மரமும் பீங்கானும் செல்லுலாயிடும் அதற்கு ஆயுளை வகுத்தன. சட்டம் அதன் ஊதியத்தைப் பங்கிட்டது. போர் அதன் வழியை மறித்தது. மக்கள் மனம் அதற்கு மானமோ அவமானமோ தந்தது. எழுதி வைத்தவர் இருந்தமையாலன்றோ அப்டன் அம்மையாரின் பாவைகளைப் பெத்னல் கிரீன்வரை பின்தொடர எம்மால் இயன்றது? அங்ஙனம் எழுதப்படாதன யாண்டுச் சென்றன என யாரே கூறவல்லார்!

ஆதலின் இதனைப் படிக்கும் அன்பர்க்கு ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த விடுமுறையில் வீடு செல்லுங்கால், பரண்மேலோ பழம்பெட்டியிலோ ஒரு பாவை கிடைக்குமாயின், உடனே எறிந்துவிடற்க. பாட்டியாரை அழைத்து, அது யாருடையது, எந்த ஆண்டில் வந்தது, எங்கே வாங்கியது, யார் கொடுத்தது என்று கேட்டு, ஒரு துண்டுக் கடிதத்தில் எழுதி அதனோடு கட்டிவைக்க. அதற்கு அரை நாழிகையும் ஆகாது. பாவை வாய்திறந்து பேசாது. அதற்காகப் பேசவல்லார் நெடுநாள் இரார்.